காதால் எழுதிய பக்கங்கள்: பார்வையற்றோர், குறிமொழி, தமிழ்

அம்பர்நாத்தில் ஏறி மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கும் பயணியொருவர் மத்திய ரயில்பாதையில் ஏறத்தாழ 60 கி.மீ. கடக்கிறார். தீப்பெட்டித் தொழிற்சாலையையும் படைக்கலத் தொழிற்சாலையையும் நம்பி வளர்ந்த ஊர் அம்பர்நாத். தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் வாடகைக்குக் கட்டுப்படியாகாத தமிழ்க் குடும்பங்களும் காலப்போக்கில் இப்பாதையின் கடைக்கோடி ஊர்களுக்கு நகர்ந்தன. இந்தியாவில் பார்வையற்றோர் எழுத்தையும் கணினியையும் வசப்படுத்திய வரலாற்றின் சில முக்கியமான இடங்கள் இப்பாதையை ஒட்டியே இருப்பது பலரும் கவனியாத செய்தி. காஞ்சூர்மார்க்கில் இறங்கினால் பவாய் ஐ.ஐ.டி.; தாதரில், 1900-இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அன்னா மில்லார்டு தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி; முனையத்துக்கு அருகே புனித சவேரியார் கல்லூரியும் அங்கு 2003-இல் உருவான பார்வையற்றோர் வளமையமும். சற்று மேற்கே, வோர்லியில், 1952-இல் நிறுவப்பட்ட தேசியப் பார்வையற்றோர் சங்கம்.

பார்வையற்ற ஒருவர் வலைப்பக்கத்தின் மூலநிரலைத் தம் கையாலேயே எழுதக் கற்றுக்கொள்வது இன்றும் நாளிதழ்களில் சாதனைச் செய்தியாகவே இடம்பெறுகிறது. தடையை மீறிய தனிமனித வெற்றி என்ற வார்ப்பில் அச்செய்தி எழுதப்படுகிறது. கணினி வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் இந்த வார்ப்பு பொருந்தவில்லை. எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி வெறும் உரை. வரிவரியாகக் கேட்கக்கூடியது, விசைப்பலகையால் முழுமையாக எழுதக்கூடியது. பார்வையற்றவருக்குக் கதவடைத்தவை, சுட்டியால் இழுத்துப்போட்டுப் பக்கம் அமைக்கும் காட்சிக் கருவிகளே. கையால் எழுதுவது அவருக்கு நேர்வழி. பார்வையுள்ளவர்கள்தாம் இடையில் அவ்வழியைவிட்டு விலகிப் போனார்கள். தமிழில் இக்கதைக்கு மற்றொரு திருப்பமும் உண்டு. அது எழுத்துருக்களால் நேர்ந்தது.

கணினி தொடக்கத்தில் படம் காட்டும் கருவியாக இருக்கவில்லை. துளையட்டை, தொலைத்தட்டச்சு, வரியச்சுப்பொறி ஆகியவற்றின் காலத்தில் நிரலாளர் எவருக்குமே திரை என ஒன்று கிடையாது. 1960களில் அமெரிக்காவின் கணினியியல் சங்கமான ஏ.சி.எம்., பார்வையற்றோரின் தொழில்வாய்ப்புகளுக்கெனத் தனிக்குழு ஒன்றை அமைத்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் தியோடர் ஸ்டெர்லிங் அதில் முன்னின்றார். பார்வையற்றோர் நிரலாளர்களாகப் பயிற்சி பெற்று வேலைக்கும் சென்றனர். வரியச்சுப்பொறியின் தாளுக்குப் பின்னால் மென்மையான பட்டை ஒன்றை வைத்து, முற்றுப்புள்ளி எழுத்தை மட்டும் அடிக்கச் செய்து, அழுந்திய புள்ளிகளைப் பிரெய்லாகத் தடவிப் படித்த உத்தியும் அக்காலத்தது. தனிக்கருவி எதுவும் வாங்காமல், அலுவலகத்தில் இருந்த பொறியையே பிரெய்ல் அச்சகமாக்கிய எளிமை குறிப்பிடத்தக்கது.

எழுத்துத் திரை வந்தபோதும் பெரிய சிக்கல் எழவில்லை. 80 எழுத்து அகலம், 25 வரி உயரம் கொண்ட திரையின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எழுத்து உள்ளது என்பது கணினியின் நினைவகத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் பேச்சொலியாக்கினால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் 1980களின் நடுவில் உருவாக்கிய மென்பொருளின் பெயரே 'ஸ்கிரீன் ரீடர்'. திரைவாசிப்பான் என்ற பொதுப்பெயர் அவ்வழி வந்தது. 1978-இல் கார் விபத்தில் பார்வையிழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹெண்டரின் நிறுவனம் 1989-இல் ஜாஸ் திரைவாசிப்பானை டாஸ் இயங்குதளத்துக்கென வெளியிட்டது.

பின்னர் சாளரங்களும் படவுருக்களும் வந்தன. திரையில் தெரிவது எழுத்து என்று மனிதக் கண் மட்டுமே அறியும். நினைவகத்தில் இருந்தவை வண்ணப் புள்ளிகள். 1990-இல் இத்துறை அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையொன்று வரைகலை இடைமுகத்தை நெருக்கடி, ஆபத்து, வாய்ப்பு என்னும் மூன்று சொற்களால் தலைப்பிட்டு அழைத்தது. ஜாஸின் விண்டோஸ் பதிப்பு 1995-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அலுவலகங்கள் விண்டோஸுக்கு மாறியபோது, டாஸில் திறம்பட வேலை செய்துகொண்டிருந்த பார்வையற்றோர் பலரின் வேலை நிலைகுலைந்தது.

இக்காலத்தில்தான் பவாயின் முன்னாள் மாணவர் ஒருவர் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகினார். திருவில்வாமலை என்ற ஊர்ப்பெயரைத் தம் பெயரில் தாங்கிய டி.வி. ராமன் 1965-இல் புனேயில் பிறந்தவர். கண்நீர் அழுத்த நோயால் 14 வயதில் முற்றிலும் பார்வையிழந்தார். அண்ணனும் ஆசிரியர்களும் பாடநூல்களை உரக்க வாசிக்கக் கேட்டே படித்தார். புனே வாடியா கல்லூரியில் கணிதம் பயின்று, பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணினியியல் முதுகலைக்குச் சேர்ந்தார். அங்கும் மாணவத் தன்னார்வலர்களின் குரலே அவருக்குத் திரை. நிரலை அவர் மனத்தில் அமைப்பார். வேறொருவர் உள்ளிட்டு, வெளியீட்டை விவரிப்பார். நிரல் என்பது கண்ணால் நோக்கும் பொருளன்று, சொல்லிக் கேட்கும் பொருள் என்ற அனுபவம் அவருக்குப் பேசும் கணினி கிடைப்பதற்கு முன்பே வாய்த்திருந்தது என்பதே இதில் கவனத்துக்குரியது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரீஸின் வழிகாட்டுதலில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 'ஆஸ்டர்' என்னும் அமைப்பு. அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் ஆஸ்டர்தான். கணித நூல்களை அச்சுக்கு ஆயத்தப்படுத்தும் லாடெக் மூலக்கோப்பைப் படித்து, சமன்பாடுகளை ஒலியாக்குவது அதன் பணி. அச்சிட்ட தாளில் ஒரு பின்னத்தின் தொகுதி மேலேயும் பகுதி கீழேயும் இருக்கும். அடுக்கு சற்று உயர்ந்து சிறிதாக இருக்கும். இவற்றையெல்லாம் கண் இடத்தை வைத்து அறிகிறது. மூலக்கோப்பிலோ 'இது பின்னம், இது அடுக்கு' என்று சொல்லாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்டர் அச்சுருவைப் பொருட்படுத்தாமல் மூலத்தை எடுத்துக்கொண்டது. அடுக்கு வரும்போது குரலின் சுருதி உயரும், கீழொட்டு வரும்போது தாழும். 1994-இல் ஏ.சி.எம். அமைப்பின் சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்கான விருது இதற்குக் கிடைத்தது.

1995 ஏப்ரலில் ராமன் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் இதே கொள்கையை உரைத்திருத்திக்குக் கொண்டுவந்தது. வழக்கமான திரைவாசிப்பான் ஒரு பயன்பாட்டின் இறுதி உருவைத் திரையில் பார்த்து, அதிலிருந்து பொருளை ஊகிக்க முயல்கிறது. ஈமேக்ஸ்பீக் ஈமேக்ஸ் உரைத்திருத்தியின் உள்ளேயே அமர்ந்து, என்ன நிகழ்கிறது என்பதை நேரடியாக அறிந்து பேசுகிறது. ராமனே பல இடங்களில் தரும் எடுத்துக்காட்டு நாட்காட்டி. கட்டம் போட்ட நாட்காட்டியில் திரைவாசிப்பான் ஓர் எண்ணை மட்டும் சொல்லும். அது எந்தக் கிழமையின் நிரையில் உள்ளது என்பதைக் கேட்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஈமேக்ஸ்பீக் கிழமை, தேதி, மாதம், ஆண்டு அனைத்தையும் சேர்த்துச் சொல்லும். ஈமேக்ஸின் மூல நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், அதன் செயல்கூறுகளுக்கு வெளியிலிருந்து பேச்சைப் பொருத்தும் வழியை ராமன் கையாண்டார். நிரலின் திறவுச்சொற்களுக்கு ஒரு குரல், குறிப்புரைகளுக்கு வேறொரு குரல் என்று பகுத்துக் கேட்கவும் வழி செய்தார். பார்வையுள்ள நிரலாளர் வண்ணத்தால் பெறும் வேறுபாடு, காதில் குரலால் கிடைத்தது.

வலைப்பக்கம் பரவிய ஆண்டுகளும் இவையே. எச்.டி.எம்.எல். தொடக்கத்தில் ராமனின் கொள்கைக்கு மிக அணுக்கமான மொழி. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று உரைப்பகுதிகளின் தன்மையை மட்டும் அது சொன்னது. அவை எப்படித் தோன்ற வேண்டும் என்பதை உலாவியிடம் விட்டது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லிங்க்ஸ் என்னும் உரை உலாவியில் பார்வையற்றோர் அக்காலப் பக்கங்களைத் தடையின்றிப் படித்தனர். 1993-இல் மொசைக் உலாவி படத்தை வரிக்குள் இணைக்கும் குறிச்சொல்லைக் கொண்டுவந்தது. படத்துக்கு மாற்றாகச் சொல்லும் உரைக்கு 'ஆல்ட்' என்னும் பண்புக்கூறு வகுக்கப்பட்டதாயினும், 1997-இன் எச்.டி.எம்.எல். 4.0 தரம்தான் அதைக் கட்டாயமாக்கியது. அதற்குள் வலை வேறு திசையில் வெகுதூரம் சென்றிருந்தது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஃபிரண்ட்பேஜ், 1997 இறுதியில் வந்த டிரீம்வீவர் முதலியவை குறிமொழி அறியாதவர்க்கும் பக்கம் அமைத்துக் கொடுத்தன. அட்டவணைக் குறிச்சொல் அட்டவணைக்காக அன்றிப் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கப் பயன்பட்டது. இடைவெளிக்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படங்கள் நூற்றுக்கணக்கில் செருகப்பட்டன. திரைவாசிப்பான் அவை ஒவ்வொன்றையும் 'படம், படம்' என்று அறிவித்தது.

இதன் விலை என்ன என்பது சிட்னியில் வெளிப்பட்டது. 2000 ஒலிம்பிக் போட்டிகளின் வலைத்தளத்தில் படங்களுக்கு ஆல்ட் உரை இல்லை. போட்டி அட்டவணைகளை எட்ட முடியவில்லை. பார்வையற்றவரான புரூஸ் மகுவயர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். திருத்துவதற்குப் பெருஞ்செலவாகும் என்று அமைப்புக்குழு வாதிட்டது. ஆணையம் அதை ஏற்கவில்லை. உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்படாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1999 மே மாதத்தில், உலகளாவிய வலைச் சேர்த்தியம் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் முதற்பதிப்பை வெளியிட்டிருந்தது.

இப்பின்னணியில் பார்வையற்ற மாணவர் ஒருவர் கையால் பக்கம் எழுதக் கற்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நோட்பேட் போன்ற வெற்று உரைத்திருத்தி போதும். முதற்பாடம் குறிமொழியே அன்று. திரைவாசிப்பானின் நிறுத்தக்குறி அளவை உயர்த்துவது. இயல்பு நிலையில் அது பல குறிகளைச் சொல்லாமல் விட்டுவிடும். கட்டுரை படிக்க அது வசதி, நிரல் எழுத ஆபத்து. அளவை முழுமையாக உயர்த்தியபின் ஒரு தலைப்பு வரி 'லெஸ், எச் ஒன், கிரேட்டர்' என்று தொடங்கி, தலைப்பின் சொற்களைக் கடந்து, 'லெஸ், ஸ்லாஷ், எச் ஒன், கிரேட்டர்' என்று முடியும். சில வாரங்களில் காது இதைத் தாளக்கட்டாகவே உள்வாங்குகிறது. சாய்கோடு விடுபட்டால் தாளம் தப்பியது தெரிகிறது. உள்தள்ளலை எண்ணிக்கையாகவோ ஏறி இறங்கும் சிறு ஒலியாகவோ கேட்கலாம். மேற்கோள்குறி ஒன்றை மூட மறந்தால் பார்வையுள்ளவருக்குத் திரையின் வண்ணம் காட்டிக்கொடுக்கும். இவருக்குச் சரிபார்ப்பான் துணை. அது வரி எண்ணையும் பிழையையும் உரையாகத் தருவதால் அங்கு இருவரும் சமம்.

எழுதிய பக்கத்தை உலாவியில் திறந்து சோதிப்பது அடுத்த படி. 'எச்' விசை தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். 'கே' இணைப்புகளுக்கு, 'ஜி' படங்களுக்கு, 'டி' அட்டவணைகளுக்கு. தலைப்பைத் தலைப்புக் குறிச்சொல்லால் எழுதாமல் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கியிருந்தால் 'எச்' விசை எங்கும் நிற்காது. பார்வையுள்ளவர் மாதக்கணக்கில் எழுதியும் உணராத இவ்வேறுபாட்டை இம்மாணவர் முதல் நாளிலேயே உணர்கிறார். நிறத்தேர்வு அவருக்கு இயலாது என்று எண்ணுவோரும் உண்டு. நிறங்கள் எண்களாகவே எழுதப்படுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய வேறுபாட்டு விகிதம் வழக்கமான அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என வழிகாட்டு நெறியே வகுத்திருக்கிறது. அது கணக்கு, கணக்கைச் செய்யக் கண் தேவையில்லை. படத்தின் ஓரம் எழுத்தின் மேல் ஏறியிருக்கிறதா, பக்கம் பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதா என்பவற்றுக்கு மட்டும் வேறொருவரின் கண் வேண்டும்.

பிரெய்ல் பலகையில் எழுத்தாணியால் எழுதிப் பழகியவருக்கு மூலமும் தோற்றமும் வேறுபடுவது புதிதன்று என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். புள்ளிகளைத் தாளின் பின்புறத்திலிருந்து குத்துவதால், வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடி பிம்பமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக நேராகப் படிக்கலாம். எழுதுவது ஒன்று, படிக்கப்படுவது வேறொன்று என்பதைத் தாதரிலோ பாளையங்கோட்டையிலோ படித்த குழந்தை ஆறேழு வயதிலேயே கற்றுவிடுகிறது.

இனித் தமிழுக்கு வரலாம். 1990களில் தமிழ் இணையத்தில் உலக அளவில் முன்னோடியாக இருந்தது என்ற பெருமிதத்தில் உண்மை உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முனைப்பில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சாலேயே பழந்தமிழ் நூல்களை இலவசமாக வலையேற்றியது. எனினும் அக்காலத் தமிழ்ப் பக்கங்கள் கணினியின் பார்வையில் தமிழ்ப் பக்கங்களாக இல்லை. உரோமன் எழுத்துகளுக்கோ மேலைத்தேயச் சிறப்பெழுத்துகளுக்கோ உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்துகொண்ட எழுத்துருக்களே அவற்றைத் தமிழாகக் காட்டின. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பான் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. ஆகவே அது 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று சொல்லும். நாளிதழும் வார இதழும் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்த அவ்வாண்டுகளில், தமிழ் வலை முழுவதும் பார்வையற்ற தமிழருக்கு எழுத்துக் குவியலாகவே ஒலித்தது. 1997 முதல் உருவான டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழி வந்த டாப், டாம் ஆகியவை எழுத்துருக்களுக்கிடையே ஒழுங்கைக் கொண்டுவந்தன. ஆனால் அவையும் வடிவங்களுக்கு எண் கொடுத்த முறைகளே.

இதில் மொழியியலாளர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உள்ளது. 'கொ' என்னும் எழுத்தைக் கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பாமினியும் டிஸ்கியும் இந்த வரிசையையே கோப்பிலும் வைத்தன. அதாவது, பார்க்கும் வரிசை. ஒலிப்பில் மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. ஒருங்குறி இந்த ஒலிப்பு வரிசையில் சேமிக்கிறது: முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வரைவது எழுத்துருவின் வேலை. தமிழ் எழுத்தின் இயல்பைச் சிதைத்துவிட்டார்கள் என்று இதைக் கண்டித்தோரும் உண்டு. தமிழுக்கு இடம் போதவில்லை என்ற அவர்களுடைய வேறு குறைகளில் நியாயம் இருக்கலாம். இந்த ஒரு குறையில் இல்லை. ஏனெனில் 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் ஏற்கெனவே இதைத்தான் செய்திருந்தது. தமிழ்ப் பிரெய்லில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. ககரத்தின் புள்ளிக்கூடு, அதைத் தொடர்ந்து ஒகரத்தின் புள்ளிக்கூடு. பார்வையற்ற தமிழர் ஒருங்குறிக்கு 40 ஆண்டுகள் முன்பிருந்தே ஒலிப்பு வரிசையில் எழுதி வந்தனர். மெய்யெழுத்து மட்டும் விலக்கு: பிரெய்லில் புள்ளியைக் குறிக்கும் கூடு மெய்க்கு முன்னால் வரும், ஒருங்குறியில் பின்னால்.

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் நடைமுறையில் அது பரவ 2000களின் நடுப்பகுதி ஆயிற்று. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். மதுரைத் திட்ட நூல்களும் படிப்படியாக ஒருங்குறிக்கு மாறின. பழைய பக்கங்களை மாற்றப் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உதவின. அக்காலத்தில் தமிழ்ப் பக்கத்தைக் கையால் எழுதிய பார்வையற்றவர், பெரும் பத்திரிகை நிறுவனங்களின் பக்கங்களைவிடச் செம்மையான தமிழ்க் கோப்பை உருவாக்கியிருப்பார். அவருக்கு வேறு வழியே கிடையாது. தாம் எழுதியது தமக்கே தமிழாகக் கேட்க வேண்டுமானால் ஒருங்குறியில்தான் எழுதியாக வேண்டும்.

கேட்பதற்குக் குரல் வேண்டுமே. ஜாஸின் விலை ஏறத்தாழ 1,000 டாலர். அம்பர்நாத் போன்ற தொழிலாளர் ஊரின் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. இந்த நிலையை மாற்றியது. அவரும் அவருடன் இணைந்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்ற நிரலாளர்கள். பைத்தான் மொழியில் எழுதிய அத்திரைவாசிப்பானைக் கட்டற்ற மென்பொருளாக எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என வெளியிட்டனர். அதனுடன் வந்த ஈஸ்பீக் ஒலிப்பொறியில் தமிழும் இருந்தது. அதன் குரல் இயந்திரத்தனமானது. புதிதாகக் கேட்பவர் முகம் சுளிப்பார். ஆனால் வேகத்தை மூன்று மடங்கு கூட்டினாலும் சொல் சிதையாது என்பதால் நிரல் எழுதுவோர் இனிய குரல்களைவிட அதையே விரும்புவதுண்டு. இன்று பார்வையற்றோரே நடத்தும் 'விரல்மொழியர்' போன்ற தமிழ் மின்னிதழ்களுக்குப் பின்னால் ஒருங்குறியும் விலையில்லாத் திரைவாசிப்பானும் உள்ளன.

மும்பைத் தமிழருக்கு இதற்குமேல் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்தியப் பாதையின் மின்தொடர்வண்டியில் அடுத்த நிலையத்தின் பெயர் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மும்மொழியில் அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய ஒலிப்போடு பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். வலைப்பக்கத்தில் இவ்வசதி தானாக அமைவதில்லை. தமிழ் எழுத்து வந்தால் அது தமிழ்தான் என்று பொறி ஊகித்துவிடலாம். மராத்தியும் இந்தியும் ஒரே தேவநாகரியில் எழுதப்படுவதால் எழுத்தைக் கொண்டு மொழியைக் கண்டறிய இயலாது. உலகம் என்னும் பொருளுடைய 'ஜக்' என்ற சொல் இரு மொழிகளிலும் ஒரே எழுத்தில் எழுதப்படும். இந்தி அதன் முதலெழுத்தை அண்ணத்தில் ஒலிக்கிறது; மராத்தி பல்லடியில், 'ட்ஸ' என்பதன் ஒலிப்புடைய இணையாக ஒலிக்கிறது. இந்திக் குரலில் மராத்திப் பக்கத்தைக் கேட்பது, வெளியூரார் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்பது போன்றது. (பொருளிலும் வலைகள் உண்டு: 'சிக்ஷா' இந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. இரண்டும் ஒன்றே என்று கருதும் மாணவர்களைப் பற்றிய நகைச்சுவை மும்பையில் பழையது.)

இதற்குத் தீர்வு எச்.டி.எம்.எல். மொழியிலேயே இருக்கிறது: 'லேங்' என்னும் பண்புக்கூறு. பக்கத்தின் முதற் குறிச்சொல்லிலோ நடுவே ஒரு சொல்லுக்கோ மொழியின் ஈரெழுத்துக் குறியீட்டை இட்டால், திரைவாசிப்பான் அங்கு குரலை மாற்றிக்கொள்ளும். திரையில் இதனால் எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே கண்ணால் பக்கம் அமைப்போர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர். தமிழ்க் கட்டுரைக்குள் மராத்தி மேற்கோளும் இந்திப் பெயரும் கலந்து எழுதும் மும்பை மாணவர், பார்வையற்றவராக இருப்பின், ஒவ்வொரு மேற்கோளுக்கும் இப்பண்புக்கூறை இடுகிறார். இடாவிட்டால் அடுத்த நொடியே காது தண்டிக்கிறது.

ராமனின் பங்கு உரைத்திருத்தியோடு முடியவில்லை. ஒரு பக்கத்தின் தோற்றத்தை நடைதாள் தீர்மானிப்பதுபோல அதன் ஒலியையும் நடைதாள் தீர்மானிக்கலாம் என்று அவரும் கிறிஸ் லில்லியும் முன்மொழிந்தனர். 1998 மே மாதம் வெளியான சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பில் ஒலி நடைதாளுக்கெனத் தனி அதிகாரமே இடம்பெற்றது. குரலின் வகை, சுருதி, வேகம், அழுத்தம், இடைநிறுத்தம், ஒலி எந்தத் திசையிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும் என்பதுவரை பக்கம் எழுதுபவர் வரையறுக்கலாம். மேலோர் குரலில் தலைப்பும், இடப்பக்கத்திலிருந்து மென்குரலில் அடிக்குறிப்பும் கேட்கும் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். வில்லியம் பெர்ரி ஈமேக்ஸுக்காக எழுதிய உலாவி இதை நடைமுறைப்படுத்தியது. பெரிய உலாவிகள் செய்யவில்லை. 2011-இல் வந்த திருத்தப் பதிப்பு அவ்வதிகாரத்தைப் பின்னிணைப்புக்குத் தள்ளியது. ராமன் 2005-இல் கூகுளில் சேர்ந்து, பின்னர் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பேசுவதற்கான பணிகளில் ஈடுபட்டார். ஒலிக்கென ஒரு பக்கத்தை வடிவமைக்கும் கலை, தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வந்தன. 2012-இன் பதிப்புரிமைத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றுவதைக் குற்றமற்றதாக்கியது. 2014-இல் மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. மறுபுறம், வெப்எய்ம் அமைப்பு 2024-இல் உலகின் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, அவற்றில் 95.9 விழுக்காட்டில் அணுகல்தன்மைப் பிழைகள் தானியங்கிச் சோதனையிலேயே தென்பட்டன.

பல்கலைக்கழகத்தின் நிலையும் இதற்கு விலக்கன்று. தமிழாய்வேடுகளில் பெரும்பகுதி இன்றும் தட்டச்சு நிலையங்களில் பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டு, பி.டி.எஃப். கோப்பாகி, சேமிப்பகங்களுக்குச் செல்கிறது. தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்படாமல் பெரிய எழுத்தாக மட்டும் இருக்கிறது. உரையை நகலெடுத்தால் ஜே, கே, பி, ஓ வருகிறது. இத்தகைய கோப்பையாவது மாற்றி ஒன்றின்வழி சில நொடிகளில் ஒருங்குறியாக்கலாம். அச்சுப்படியை ஒளிவருடிப் படமாக ஏற்றிய ஆய்வேட்டுக்கு எழுத்துணரி வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் உருவாக்கிய தமிழ் எழுத்துணரியைச் சென்னை வொர்த் அறக்கட்டளை பள்ளிப் பாடநூல்களைப் பிரெய்லாக்கப் பயன்படுத்தியது. அடிக்குறிப்பும் கல்வெட்டுப் பாடமும் கிரந்த எழுத்தும் கலந்த ஆய்வேடு, பள்ளிப் பாடநூலைவிட அதற்குக் கடினமான உணவு.